லாச்சிக்குள் கிடந்த பட்ஜ்

திங்கட்கிழமை அம்மாவை மகரகம ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போகவேண்டும். இரத்தத்தில் புற்றுநோய் என்று வவுனியாவில் வைத்துச் சொல்லிவிட்டார்கள். அதைக் கேட்டுவிட்டு வீட்டுக்கு வந்த அம்மா, செருப்பைக் கழற்றுவதற்கு முன்னமே, "சனிக்கிழமை கிளிநொச்சியில சங்கத்தின்ர கூட்டம். நான் போகவேணும்" என்றார்.

"உனக்கு விசரோ?" என்று அப்பா கேட்டார். படலையைத் திறந்துகொண்டு கடற்கரைப் பக்கம் போய்விட்டார். அவருக்கு அழுகை வந்தால் அங்கேதான் போவார்.

என் அப்பா யாகப்பு முல்லைத்தீவுக் கரையில் மீன் பிடிக்கிறவர். அம்மா றோஸ்மேரி, உள்ளே கொஞ்சம் தள்ளியிருக்கும் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் எக்ஸ்றே எடுக்கிறவர். எங்கள் பக்கத்தில் எக்ஸ்றே அறைகளில் வேலை செய்கிறவர்களும், கதிர்வீச்சுப் பாதுகாப்பைப் படித்தவர்களும் சேர்ந்து ஒரு சங்கம் வைத்திருக்கிறார்கள். வருடத்துக்கு ஒருமுறை கூடுவார்கள். இந்த முறை அம்மாவுக்கு ஒரு கௌரவிப்பு இருந்தது. உறுப்பினர்களுக்குள் உடம்பில் மிகக் குறைவாகக் கதிர் பட்டவர் அம்மாதானாம்.

அதைக் கேட்ட நாளிலிருந்து எனக்கு அந்தக் கூட்டத்தை நினைக்கவே பிடிக்கவில்லை. ஏனென்றால் எனக்குத் தெரியும்.

எக்ஸ்றே அறையில் வேலை செய்கிறவர்கள் சட்டையில் ஒரு சின்ன பட்ஜ் குத்தியிருப்பார்கள். ஆளின் மேல் எவ்வளவு கதிர் பட்டதோ அதை அந்த பட்ஜ் தனக்குள் பிடித்து வைத்திருக்கும். சில மாதங்களுக்கு ஒருமுறை அனுப்பினால் அளந்து சொல்வார்கள். நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது, அம்மா ஒருமுறை பட்ஜைக் கோட்டோடு சேர்த்து எக்ஸ்றே அறைக்குள்ளேயே மாட்டிவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டார். அது அங்கேயே சில நாள் தொங்கியிருக்கிறது. அம்மா மறைப்புக்குப் பின்னால் நின்று படம் எடுக்க, பட்ஜ் உள்ளே நின்று எல்லாவற்றையும் வாங்கியிருக்கிறது. அளவு பயங்கரமாக ஏறி வந்தது. விசாரணை வைத்தார்கள், அறையைப் பூட்டினார்கள். பூட்டியிருந்த காலம் முழுக்க, கை கால் முறிந்தவர்களை பஸ்ஸில் ஏற்றித் தூரத்துக்கு அனுப்பவேண்டி வந்தது. ஒரு பிள்ளைக்குக் கை கோணலாகவே பொருந்திவிட்டது. அந்தப் பிள்ளையின் தாய் புதுக்குடியிருப்புச் சந்தையில் அம்மாவை மறித்து, "உங்கட ஒரு கோட்டால என்ர பிள்ளையின்ர கை போச்சுது" என்று சொன்னாவாம்.

அதற்குப் பிறகு அம்மா பட்ஜை மேசை லாச்சிக்குள் வைத்துவிட்டுத்தான் வேலை செய்வார். படம் எடுக்கும்போது சின்னப் பிள்ளைகள் துள்ளும். பிடிக்க ஆள் வேண்டும். தாய்மார் சிலர் வயிற்றில் அடுத்த பிள்ளையோடு வந்து நிற்பார்கள். அதனால் அம்மாவே ஈய ஏப்ரனைப் போட்டுக்கொண்டு பிள்ளையைப் பிடிப்பார். வெளியே நின்று பட்டனை அழுத்துவதற்கு, கூட வேலை செய்யும் இராசமலர் அன்ரியைப் பழக்கி வைத்திருந்தார். ரியூசன் முடிந்து அம்மாவின் மேசையில் போய் இருக்கிற நாட்களில் நான் இதையெல்லாம் பார்த்திருக்கிறேன். ஒருநாள் பேனை தேடி லாச்சியைத் திறந்தபோது பட்ஜ் கிடந்தது.

"அம்மா, இது ஏன் இதுக்குள்ள?"

"அது நித்திரை கொள்ளுது. எழுப்பாதை" என்றார் அம்மா. இரண்டு பேரும் சிரித்தோம்.

இன்று காலையில் நானும் அம்மாவும்தான் போனோம். சங்கத்தின் வழக்கப்படி எல்லோரும் தங்கள் ஏப்ரனைக் கொண்டுவர வேண்டும். உள்ளே ஈயம் வைத்தது, கல்லுப் போலப் பாரம். அம்மாவால் தூக்க முடியவில்லை. நான் அதை மடிக்காமல், நித்திரையான பிள்ளையைத் தூக்குவது போலத் தோளில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினேன். தர்மபுரம் தாண்டும்போது அம்மா கண்ணை மூடி என்னில் சாய்ந்துகொண்டார். நீலம் பாரித்த கைகளை மறைக்க நீளக்கை பிளவுஸ் போட்டிருந்தார். யன்னல் வெளிச்சத்தில் பார்க்க அவருடைய உதடு மெழுகு மாதிரி இருந்தது.

போனவுடனே ஏப்ரன் சோதனை. பக்கத்து அறையில் அதைக் கதிருக்குப் பிடித்துப் பார்த்தால், உள்ளே ஈயம் வெடித்த இடம் திரையில் கோடாகத் தெரியும். சங்கத்தின் செயலாளர் சுகிர்தன் சேர்தான் பார்த்தார். கதிர்வீச்சு அளவுகளைப் பற்றிப் பெரிய படிப்புப் படித்தவர். எல்லாருடைய பட்ஜ் கணக்கும் அவரிடம்தான் வரும். பூநகரிப் பக்கம் வேலை செய்யும் செந்தூரன் என்கிற இளம் ஆளின் ஏப்ரனைத் திரையில் பார்த்தவுடனே அவர் தலையில் கை வைத்தார்.

"டேய், இது ஏப்ரனோ இல்லாட்டி லோண்டறியில மடிச்சுக் குடுத்த வேட்டியோ? நாலா மடிச்சு வைச்சிருக்கிறாய். குறுக்கால நெடுக்கால வெடிச்சுப்போய்க் கிடக்கு."

"தொங்கவிட இடமில்லை சேர். கிடக்கிறது ஒரு ஆணி. அதில டொக்டரின்ர ஹெல்மெட் தொங்குது."

"அப்ப டொக்டரின்ர மண்டைக்குப் பாதுகாப்பு, உன்ர நெஞ்சுக்கு இல்லை."

எல்லோரும் சிரித்தார்கள். அம்மாவின் ஏப்ரனில் ஒரு கீறும் இல்லை. "பாருங்கோ, றோஸ்மேரி அக்கா கூறைச் சீலை மாதிரி வைச்சிருக்கிறா" என்றார் சேர். அம்மாவும் சிரித்தார். நான் மட்டும் கீழே பார்த்துக்கொண்டிருந்தேன்.

தேத்தண்ணி குடிக்கும்போது செந்தூரன் அண்ணா அம்மாவுக்குப் பக்கத்தில் கதிரையை இழுத்துப் போட்டார்.

"அக்கா, ஒண்டு கேக்கிறன். கோவிக்கக்கூடாது. நீங்களும் பிள்ளையளைப் பிடிக்கிறியள், நானும் பிடிக்கிறன். எனக்கு ஒவ்வொருமுறையும் அளவு ஏறுது, சேரிட்டப் பேச்சு வாங்கிறன். உங்கட எப்பிடி அசையாமக் கிடக்கு?"

"வயசு போனா கதிரும் எங்களைத் திரும்பிப் பாக்காது, தம்பி."

அவர் சிரிக்கவில்லை. குரலைத் தாழ்த்தினார். "இல்லையக்கா, உண்மையாக் கேக்கிறன். மனிசி இப்ப பிள்ளைத்தாய்ச்சி. எனக்குப் பயமாக் கிடக்கு. ஆனா அளவு கூடி அறையைப் பூட்டினா எங்கட பக்கத்துச் சனம் எங்க போறது? பஸ்ஸும் இல்லை. பேசாம பட்ஜைக் கழட்டி வைச்சிட்டுப் பிடிப்பமோ எண்டு யோசிக்கிறன். ஆருக்குத் தெரியப்போகுது?"

அம்மா குடித்து முடிக்காத கோப்பையை என்னிடம் நீட்டினார். நான் அதை வாங்கி வைத்தேன்.

செந்தூரன் அண்ணா எழும்பிப் போனதும் அம்மாவின் காதுக்குள் சொன்னேன். "அம்மா, ஒண்டும் சொல்லாதேங்கோ. வாங்கிக்கொண்டு இறங்கி வாங்கோ. வீட்டை போவம்."

"ஏன்?"

"எல்லாரும் உங்களைப் பேசுவினம். உங்கட பிழை எண்டு சொல்லுவினம். அதைக் கேட்டுக்கொண்டு நீங்கள் மகரகமவில போய்ப் படுக்க வேண்டாம்."

அம்மா என் முகத்தைப் பார்த்தார். மேடையில் அவருடைய பெயரைக் கூப்பிட்டார்கள்.

சுகிர்தன் சேர் ஒலிவாங்கியில் கதைத்தார். ஒவ்வொரு ஆஸ்பத்திரியிலும் ஒரு பட்ஜை மெஷினுக்குத் தூரத்திலேயே வைத்திருப்பார்களாம். ஆள் போடாத பட்ஜ். மற்ற பட்ஜுகளை அதோடு ஒப்பிட்டுத்தான் அளவு சொல்வார்களாம். "றோஸ்மேரி அக்காவின்ர அளவும் அந்தச் சும்மா கிடக்கிற பட்ஜின்ர அளவும் கிட்டத்தட்ட ஒண்டுதான். பல வருசமா அப்பிடி. இப்பிடிக் கவனமா வேலை செய்யிற ஆளை நான் காணேல்லை" என்றார். எல்லோரும் கை தட்டினார்கள். பொன்னாடையை விரித்துக்கொண்டு ஒருவர் வந்தார்.

அம்மா அவருடைய கையைப் பிடித்து நிறுத்தினார்.

"இதை என்ர பட்ஜுக்குப் போத்துங்கோ" என்றார். "ஒரு இடமும் போகாம லாச்சிக்குள்ள கிடந்தது அதுதான்."

சிலர் பகிடி என்று நினைத்துச் சிரித்தார்கள். அம்மா ஒலிவாங்கியைக் கிட்ட இழுத்தார். மூச்சு வாங்கியது. "உண்மையாத்தான் சொல்லுறன். முந்தி ஒருக்கா அறையைப் பூட்டினவை. திரும்பவும் பூட்டிப்போடுவினம் எண்ட பயத்தில பட்ஜைக் கழட்டி வைச்சிட்டுத்தான் பிள்ளையளைப் பிடிச்சனான். செந்தூரன், நீ கேட்டியெல்லே? இதுதான் அந்த வித்தை. பழகாதை. உனக்குப் பிள்ளை பிறக்கப்போகுது."

தன் நோயைப் பற்றி அம்மா ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. பொன்னாடையோடு நின்றவருக்கு அதை என்ன செய்வதென்று தெரியவில்லை. செந்தூரன் அண்ணா குனிந்துகொண்டார். அம்மா படியைப் பிடித்துப் பிடித்து இறங்கி வந்து என் பக்கத்தில் இருந்தார். கை ஐஸ் மாதிரிக் குளிர்ந்திருந்தது. எல்லோரும் எங்களைப் பார்க்காமல் முன்னால் பார்த்துக்கொண்டிருந்தார்கள். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை என்று நினைத்தேன்.

சாப்பாட்டு நேரம் அம்மா ஒரு மூலையில் கதிரையில் சாய்ந்திருந்தார். நான் தண்ணீர் எடுக்க வெளியே போனேன். விறாந்தையில் சுகிர்தன் சேர் தனியாக நின்றார்.

"சேர், அம்மாவுக்கு ரத்தத்தில கான்சர். திங்கட்கிழமை மகரகமவுக்குப் போறம்" என்றேன். அதுவரை நான் அதை யாரிடமும் வாய்விட்டுச் சொன்னதில்லை. "அதாலயோ வந்தது?"

அவர் அப்படியே படியில் இருந்துவிட்டார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"தெரியாது, பிள்ளை."

"நீங்கள் படிச்ச ஆள்தானே, சேர்."

"படிச்சபடியாத்தான் சொல்லுறன். ஏப்ரன் போட்டுப் பிடிச்சா வழமையா அவ்வளவு பெரிய அளவு வராது. அதால வந்திருக்கிற வாய்ப்புக் குறைவு. ஆனா எத்தினை பிள்ளையைப் பிடிச்சவா, எவ்வளவு கிட்ட நிண்டவா? கூட இருந்து பாத்திருக்கக்கூடியது அந்த பட்ஜ் ஒண்டுதான். அதில ஒண்டுமில்லை. அப்ப நான் எதை வைச்சு உமக்கு ஓம் எண்டு சொல்லுறது, எதை வைச்சு இல்லையெண்டு சொல்லுறது?"

எனக்குக் கண்ணீர் வந்தது. அவர் என்னைப் பார்க்காமல் சொன்னார். "ஆள் போட்ட பட்ஜும் சும்மா கிடந்த பட்ஜும் வருசக்கணக்கா ஒரே அளவு. பிள்ளையளைப் பிடிக்கிறவாவுக்கு அது எப்பிடி வரும் எண்டு நான் ஒருக்காவாவது கேட்டிருக்க வேணும். நான் கை தட்டினன்." பிறகு, "அங்க போனதும் டொக்டர்மாரிட்ட அம்மாவின்ர வேலையைச் சொல்லுங்கோ. ஒண்டையும் மறைக்க வேண்டாம்" என்றார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் சனம் குறைவு. அம்மா யன்னல் பக்கம் இருந்தார். ஏப்ரனை சங்கத்திலேயே விட்டுவிட்டு வந்தோம். செந்தூரன் அண்ணா அதைக் கேட்டு வாங்கிக்கொண்டார். விசுவமடு தாண்டியதும் அம்மா கண்ணைத் திறந்தார்.

"சேரோட கதைச்சுக்கொண்டு நிண்டாய். என்னவாம்?"

எனக்கு யோசிக்க நேரம் இருக்கவில்லை. "அதால இல்லையாம், அம்மா. கட்டாயம் அதால இல்லையாம். இது ஆருக்கும் வாற வருத்தமாம்."

அம்மா வெளியே பார்த்தார். வயலில் யாரோ உரம் வீசிக்கொண்டிருந்தார்கள்.

"அந்த மனிசன் அப்பிடிச் சொல்லியிருக்காது, ஸ்ரெல்லா."

நான் சீற்றின் கிழிசலை விரலால் நோண்டினேன்.

"அப்பிடிச் சொல்லேலாது. எனக்கும் தெரியும், நானும் அதைத்தானே படிச்சனான்." என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். "ஆனா கேக்க நல்லாக் கிடந்தது. அப்பாவுக்கும் அப்பிடியே சொல்லு."

"அம்மா..."

"போன வருசமே வேலையை விடப்போறன் எண்டனான். அப்பாதான், பிள்ளையின்ர ஓ.எல் சோதனை முடியட்டும், பிறகு விடு எண்டவர். அதால வந்ததோ இல்லையோ எண்டு தெரியாமலே உன்ர அப்பா சாகிற மட்டும் தன்னைத் திட்டிக்கொண்டிருப்பார். எனக்குச் சொன்ன மாதிரிச் சொல்லாதை. நீ கண்ணைச் சிமிட்டிறாய். அவர் பிடிச்சுப்போடுவார்."

நாங்கள் வீட்டுக்கு வந்தபோது அப்பா கடலுக்குப் போயிருந்தார். சோறும் மீன்குழம்பும் மூடி வைத்திருந்தது. அம்மா இரண்டு வாய்தான் சாப்பிட்டார். இப்போது நித்திரை. நான் இடைக்கிடை எழும்பிப் போய், அவருடைய மூக்குக்குக் கிட்டக் கையை வைத்துப் பார்த்துவிட்டு வருகிறேன்.

அம்மாவுக்கு என்ன நடக்கும் என்று ஒருத்தருக்கும் தெரியாது. யாருக்காவது தெரிந்திருந்தால் அவரிடம் ஓடிப்போய்க் கேட்டிருப்பேன். விடிய அப்பா வள்ளத்தைக் கரையேற்றிவிட்டு, உப்புத் தண்ணி சொட்டச் சொட்ட வாசலில் நின்று, முதல் கேள்வியாக, அந்த வேலையாலயோ வந்தது என்றுதான் கேட்பார். கண்ணாடிக்கு முன்னால் நின்று சொல்லிப் பார்க்கிறேன். அதால இல்லையாம், அப்பா. கட்டாயம் அதால இல்லையாம்.

ஒவ்வொருமுறையும் கண் சிமிட்டுகிறது.