வானொலிக்குப் போர்த்திய கம்பளி

"குளிருமேன்னுதாம்மா போத்தினேன்."

"ரேடியோவுக்குக் குளிருமெண்டு உனக்கு ஆர் சொன்னது, ரெங்கம்மா?"

"சன்னல் வழியா மூடுபனி வந்துச்சு. மத்தியானமே பாட்டும் நின்னுருச்சு. தூங்குதாக்கும்னு நெனச்சேன்."

"சிவனே! நிலையம் ஓய்ஞ்சாலும் பெட்டி சூடாகிக்கொண்டுதானே இருக்கும். நிப்பாட்டியிருக்கலாமெல்லோ."

"அந்தத் திருகுல கைய வைக்காதேன்னு நீங்கதானே சொன்னீங்க?"

லீலாதேவி கையிலிருந்த கம்பளியைக் கீழே வைத்தாள். தோட்டத்துக் கிளார்க்கின் மனைவி அவள். காலையில் பண்டாரவளை பஸ்ஸைப் பிடிக்கும் அவசரத்தில் வானொலியை அணைக்க மறந்து ஓடியதும் அவள்தான். வீடு கூட்ட வந்த ரெங்கம்மா, மழைக்குத் தான் போட்டுக்கொள்ளும் கம்பளியை நாலாக மடித்துப் போர்த்தி, ஓரங்களையும் செருகிவிட்டுப் போயிருந்தாள். சற்றுமுன் லீலாதேவி வந்து அதை உருவியபோது கருகல் வாசனை கூடமெங்கும் பரவியது. பதறிப்போய்க் குமிழைத் திருகி அணைத்தாள்.

மணி நாலு. நாலரைக்குக் கொழும்பு வானொலியில் ரெங்கம்மாவின் மகன் கணபதி முதன்முறையாகத் தவில் வாசிக்கிறான். மூன்று வாரமாக, காலையில் வேலைக்கு ஆளெடுக்கும் பெரட்டில் அவளுக்கு வேறு பேச்சே இல்லை; அதைக் கேட்கத்தான் இப்போது மறுபடி வந்திருந்தாள்.

தேயிலை ஆலையில் மின்சார வேலை பார்க்கும் நல்லையா வந்து, பெட்டியைச் சுவரிலிருந்து இழுத்துப் பின்னட்டையைக் கழற்றினார். உள்ளே வால்வுகள், இரவு ரயிலிலிருந்து பார்த்த ஏதோ ஊரின் விளக்கில்லாத வீடுகள்போல நின்றன.

"செவத்தோட ஒட்டி வச்சிருக்கீங்களேம்மா! சூடு எங்கிட்டுப் போகும்? நாலு வெரல் எடம் விடணும். இங்க பாருங்க, கம்பிச் சுருள்ல பூசின மெழுகு உருகி வழியுது." ரெங்கம்மாவிடம் திரும்பினார். "காய்ச்சக்காரப் புள்ளைக்குப் போத்துற மாதிரியில்ல போத்தியிருக்க! கசாயமும் குடுத்தியா?"

ரெங்கம்மா சிரிக்கவில்லை. "எப்ப பாடும்ணே?"

"ஒரு மணி நேரமாச்சும் ஆறணும். அதுக்கு முன்னாடி போட்டா பொகஞ்சாலும் பொகையும்."

அவள் சுளகை எடுத்து விசிறினாள். நிறுத்தி, புறங்கையால் பெட்டியைத் தொட்டாள். சன்னலுக்குப் போனாள். தவில் கேட்க, தொழிலாளர் லயத்துச் சனம் வேலியோரம் வந்து நின்றது. திரும்பி வந்து மறுபடி விசிறினாள்.

"இவர் இதைத் தன்ர பிள்ளை மாதிரியெல்லோ பாக்கிறவர்," என்றாள் லீலாதேவி, கணவனைக் குறித்து. "அஞ்சு மணிக்கு வந்திடுவார்."

மணி நாலு இருபத்தெட்டு. பெட்டி இன்னும் கொதித்தது. ரெங்கம்மா சுளகைக் கீழே வைத்தாள்.

"அம்மா, எம்புள்ள வாசிக்கிறதக் கேக்கலன்னாலும் பரவாயில்ல. அவன் பேரச் சொல்ற வரைக்கும் மட்டும் போடுங்கம்மா."