சுகம் என்று சொல்ல வேண்டும்

நாற்பத்தைந்து நிமிடம், அதற்குள் எண்ணெய்த் தாரை முறியக் கூடாது, அவ்வளவுதான் வேலை, கை இடமிருந்து வலம் போக வேண்டும், வலமிருந்து இடம் வர வேண்டும், நெற்றியின் இரண்டு ஓரங்களுக்கு நடுவே எண்ணெய் ஒரு நூலைப் போல இறங்கிக்கொண்டே இருக்க வேண்டும், மற்றபடி யோசிக்க ஒன்றும் இல்லை என்றுதான் பயிற்சியில் சொன்னார்கள், ஆனால் லின்சிக்கு இங்கே நிற்கும்போதுதான் யோசனை வருகிறது... எண்ணெய்ச் சிகிச்சைக்கான மரத்தோணியில் படுத்திருப்பது மேனன் மேடம். பம்பாயில் ஒரு கம்பெனி, வெளிநாட்டு விருந்தினர்களை இந்த ஆயுர்வேத விடுதிக்கு அனுப்பப் போகிறார்களாம், அதற்கு முன்னால் வேலை செய்கிறவர்களை ஒழுங்காக நடத்துகிறார்களா என்று பார்த்துவர ஆள் அனுப்புவார்கள், அந்த ஆள் இவர். மதியப் படகில் கிளம்பிவிடுவார். கண்களின் மேல் பன்னீரில் நனைத்த பஞ்சு, அதன்மேல் துணி. படுக்கும்போது கேட்டார், மலையாளத்தில்தான், திருச்சூர்க்காரர், "நீங்கள்லாம் இங்க சுகமா இருக்கீங்களா?" சுகம் மேடம், என்றாள் லின்சி. எவ்வளவு வேகமாக வந்தது அந்தச் சொல், எச்சில் விழுங்குவது போல. "கதவுல உங்க பேரோட இன்னொரு பேரும் இருக்கே, அனிமான்னு, அவங்களக் காணோமே?" ஊருக்குப் போயிருக்கா மேடம். அதுவும் வேகமாகத்தான் வந்தது. மானேஜர் ஹேமா மேடம் காலையில் இரண்டு முறை சொல்லவைத்தார், மூன்றாவது முறை சொல்லும்போது பொய் என்ற உணர்வே இல்லை, ஒருவேளை உண்மையிலேயே போய்விட்டாளோ என்றுகூடத் தோன்றியது.

அனிமா குஜூர் எங்கும் போகவில்லை. காயலைப் பார்த்த அறைகளுக்குப் பின்னால், ஜெனரேட்டரைத் தாண்டி, துணி துவைக்கும் ஷெட்டின் மாடியில் படுத்திருக்கிறாள். ஜார்க்கண்டிலிருந்து வந்தபோது அவளுக்கு மலையாளத்தில் ஒரு சொல்கூடத் தெரியாது, விருந்தினர் எது கேட்டாலும் சுகம் என்று சொல் என்று ஹேமா மேடம் சொல்லிக்கொடுத்தார், அதை வைத்துக்கொண்டே ஆறு மாதம் ஓட்டினாள். சாப்பிட்டியா, சுகம். மழை பெய்யுதா, சுகம். கூட வேலை செய்கிற ஷைலா சேச்சி விடுவாரா, "ஏ சுகம், இங்க வாடி, உன் புருஷன் வேற ஒருத்தியக் கட்டிக்கிட்டானாம்!" என்று கத்துவார், அனிமா துணி மடித்துக்கொண்டே "சுகம் சேச்சி, உங்க வீட்டுக்காரருக்கும் ஒரு பொண்ணு பாக்கச் சொல்லவா?" என்பாள். அப்போதுதான் தெரிந்தது, அவளுக்கு எல்லாம் புரிகிறது, எப்போதிலிருந்து புரிந்ததோ, எத்தனை சுகம் தெரியாமல் சொன்னது, எத்தனை தெரிந்தே சொன்னது... இடம், வலம். எண்ணெய் இன்று கொஞ்சம் கெட்டி. மணிக்கட்டில் ஊற்றிப் பார்த்தபோது சூடு சரியாகத்தான் இருந்தது. வெந்நீருக்குள் பாத்திரத்தை இறக்கித்தான் எண்ணெயைச் சூடாக்க வேண்டும், அது நேரம் பிடிக்கும், ஒரு வேளைக்கு ஐந்து அறை என்று ஆனபோது "நேரா அடுப்புலயே வைங்கடி, என்ன ஆயிடப் போகுது" என்று ஹேமா மேடம்தான் சொன்னார். செவ்வாய்க்கிழமை பாத்திரத்தின் காது வழுக்கியது. அனிமாவின் வலது கை, விரல்களிலிருந்து முழங்கைவரை. சத்தம் வரவில்லை. தடுப்புக்கு இந்தப் பக்கம் விருந்தினர் படுத்திருந்தார், சிகிச்சை நடக்கும்போது யாரும் சத்தம் போடக் கூடாது, அனிமா தோளில் கிடந்த துண்டைக் கடித்துக்கொண்டாள், தடுப்பின் இடுக்கு வழியாக லின்சி பார்த்தாள், தாரை முறியவில்லை.

அப்புறம் ஹேமா மேடம் வந்து குனிந்து கேட்டார், "சுகம்தானே மோளே?" அனிமா சொன்னாள், சுகம் மேடம். "பாத்தியா, அவளே சொல்றா." கற்றாழையை அரைத்துப் போட்டார்கள். ஆஸ்பத்திரி என்றால் எங்கே ஆச்சு, எப்படி ஆச்சு என்று கேட்பார்கள், இது மேனன் மேடம் வந்திருக்கிற வாரம், அது வேண்டாம். அனிமாவின் ஆதார் கார்டு ஆபீஸ் அலமாரியில் இருக்கிறது, சேர்ந்த அன்றே வாங்கி வைத்துக்கொண்டார்கள், தொலைந்துவிடும் என்று. "அந்தம்மா படகு ஏறின அடுத்த நிமிஷம் நானே வேன்ல கூட்டிட்டுப் போறேன், மாதா மேல சத்தியம் லின்சி." ஹேமா மேடமும் லின்சியும் ஒரே தேவாலயத்தில் ஞாயிற்றுக்கிழமை முழங்காலிடுகிறவர்கள், இந்த வேலையே அவர் வாங்கிக்கொடுத்ததுதான், மாதா மேல் சத்தியம் செய்தால் செய்வார். செய்வாரா? மூன்று மணிக்கு ஜெர்மனிக்காரர்கள் பதினாலு பேர் வருகிறார்கள், வேன் அவர்களை அழைத்துவரப் போக வேண்டும், டிரைவர் காலையிலேயே அதற்கு இளநீர் ஏற்றிக்கொண்டிருந்தான். அப்படியானால் நாளை. நாளை அவர்களுக்கு முதல் நாள் சிகிச்சை. அப்படியானால்... விடிந்ததும் கஞ்சி கொண்டுபோனாள் லின்சி. மாடியில் ஒரு வாடை, இனிப்பாக, முதலில் பழம் அழுகியிருக்கிறது என்று நினைத்தாள், சுற்றிலும் பார்த்தாள், பழம் எதுவும் இல்லை. விரல்கள் மடங்கவில்லை. முழங்கைக்கு மேலே சிவப்பாக ஒரு கோடு ஏறியிருந்தது, நேற்று அது இல்லை. உடம்பு கொதித்தது. கேட்பதற்கு வேறு எதுவும் வராமல் லின்சி கேட்டாள், "சுகமா?" அனிமா அவளைப் பார்த்தாள், சரியாகத்தான் பார்த்தாள், மயக்கம் இல்லை. பதில் சொல்லவில்லை. எதற்கும் அந்த ஒரு பதிலைச் சொல்கிறவள். அவ்வளவுதான், வேறெதுவும் நடக்கவில்லை, லின்சி கஞ்சியை வைத்துவிட்டு இறங்கி வந்து, கை கழுவி, சேலையைச் சரிசெய்து, வரவேற்பறை வழியாக வந்தாள். இங்கு எல்லோரும் சமம் என்று தேக்கில் செதுக்கிய பலகைக்கு யாரோ மாலை போட்டிருந்தார்கள்.

சிகிச்சை அறையின் திரை விலகியது, ஷைலா சேச்சி, இன்று அனிமாவின் இடத்தில் அவர்தான். வாரத்தில் ஒரு நாளாவது லீவு வேண்டும் என்று போன வருஷம் கேட்டார், அதிலிருந்து சிகிச்சை அறையில் கிடையாது, தரை துடைக்கிறார், ஆள் இல்லாததால் இன்று கூப்பிட்டிருக்கிறார்கள். அடியில் சேர்ந்த எண்ணெயை எடுத்துச் சூடாக்கிக் கொண்டுவந்து, நெற்றிக்கு மேல் தொங்கும் தாரைச் சட்டியில் ஊற்றினார். ஊற்றும்போது மேனன் மேடத்தின் தலையைப் பார்த்தார், பிறகு பித்தளைத் தட்டைப் பார்த்தார், பிறகு லின்சியை. புருவம் மட்டும் ஏறி இறங்கியது. எதையும் தொடாமல் வெளியே போய்விட்டார். என்ன பார்த்தார்? லின்சி தட்டைப் பார்த்தாள். பஞ்சு உருண்டை இரண்டு, காய்ந்து, அப்படியே இருந்தன. எண்ணெய் இறங்காமல் காதில் வைக்க வேண்டியவை. கண்ணுக்கு வைப்பது லின்சி, காதுக்கு வைப்பது அனிமா, தோணியின் அந்தப் பக்கத்திலிருந்து, இரண்டு வருஷமாக அப்படித்தான், யாரும் யாருக்கும் சொன்னதில்லை, கை பழகிவிட்டது. கண்ணை மூடியதும் எல்லாம் முடிந்தது என்று இன்றும் கை நினைத்துக்கொண்டது. அப்படியானால் இவ்வளவு நேரமும் இவருக்கு எல்லாம் கேட்டிருக்கிறது, எண்ணெய் விழுவது, ஷைலா சேச்சியின் வளையல், தூரத்தில் துவைக்கும் இயந்திரம்... கேட்பதற்கு வேறு என்ன இருந்தது, யாரும் எதுவும் சொல்லவில்லையே.

இப்போதுகூட வைத்துவிடலாம். இடது கை சும்மாதான் இருக்கிறது. லின்சி பஞ்சை எடுத்தாள், எடையே இல்லை, ஒரு காது, பிறகு இன்னொரு காது, இரண்டு நொடி, விருந்தினர் கவனிக்கவே மாட்டார். ஷைலா சேச்சி ஏன் வைக்கவில்லை? அவர் கைக்கு எட்டும் தூரம்தான். மறந்தாரா, அல்லது... நான் மறந்தேனா? கண்ணுக்குப் பஞ்சு வைக்கும்போது இந்தத் தட்டிலிருந்துதானே எடுத்தேன், அந்த உருண்டைகளுக்குப் பக்கத்திலிருந்து. உள்ளங்கை தானாக மூடிக்கொண்டது, பஞ்சு அதற்குள் போய்விட்டது. ஜன்னலுக்கு வெளியே படகுக்காரன் இன்ஜினைச் சோதித்துப் பார்க்கிறான், ஒருமுறை இருமி நின்றது. இடம், வலம்.

"மேடம்," என்றாள். தாரை விழும்போது இந்த அறையில் தன் குரலை அவள் கேட்டதே இல்லை. எண்ணெய்க்கு அடியில் நெற்றி லேசாகச் சுருங்கியது, சுருக்கத்தில் விழுந்த தாரை இரண்டாகப் பிரிந்து இரண்டு பக்கமும் ஓடியது.

"சொல்லுங்க," என்றார் மேனன் மேடம், அசையாமல்.

"அனிமா ஊருக்குப் போகல மேடம். துணி துவைக்கிற ஷெட்டு மாடியில இருக்கா. கை வெந்து போச்சு. சுகம் இல்ல."