கடல் பார்க்காதவளின் மேகக் கணக்கு

கரா-பெல் கணவாயின் வானிலை நிலையத்தில் ஆறு வருடமாகக் கருவிகளைப் பார்ப்பது பூருல் என்ற நான்தான். மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை வெப்பம், காற்று, அழுத்தம், மேகம் எல்லாம் குறித்து நரின் நகரத்துத் தலைமை அலுவலகத்துக்குத் தொலைபேசியில் சொல்வேன். இந்த வசந்தத்தில் புது விதி போட்டார்கள். கல்லூரிச் சான்றிதழ் இல்லாதவர் இலையுதிர் காலத்தோடு வீட்டுக்குப் போகலாம். எனக்கு மிச்சமிருந்தது 'வானிலையும் காலநிலையும்' என்ற ஒரே பாடம். இணையத்தில் தேர்வு, நாற்பது கேள்வியில் குறைந்தது இருபத்தெட்டு சரியாக இருக்க வேண்டும். முதல் முறை இருபத்தைந்தில் கவிழ்ந்தேன். இனி ஒரே வாய்ப்பு. தவறினால் நகரத்திலிருந்து யாரோ ஒருவர் பெட்டியோடு வந்து என் கருவிகளைத் தொடுவார். நினைத்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

முதல் முறை என்னைக் கவிழ்த்தது அழுத்தம். எங்கள் உயரத்தில் அது எழுநூறு மில்லிபாருக்குப் பக்கத்தில்தான் நிற்கும். அதையே நம்பி எழுதினேன். 'கடல் மட்டத்துக்கு மாற்றிய பிறகே ஒப்பிட வேண்டும்' என்று குறிப்பு வந்தது. கடலை நான் பார்த்ததே கிடையாது. இருந்தாலும் பிடிவாதமாக, இந்த முறை எல்லாவற்றையும் கடலிலிருந்தே எண்ணிப் படித்தேன். மாவு மூட்டைமேல் கைப்பேசியைச் சாய்த்து வைத்து, வாயில் குருத் என்கிற காய்ந்த தயிர் உருண்டை ஒன்றை அடக்கிக்கொண்டு, ரொட்டிக்கு மாவு பிசையும்போதும் படித்தேன்.

மாதிரித் தேர்வில் இருபத்தாறு, இருபத்தேழு, மறுபடி இருபத்தாறு. எது தவறு என்று அது சொல்லித் தொலைக்காது.

மேகப் பாடம்தான் உதைத்தது. தாழ்ந்த மேகத்தின் அடி இரண்டாயிரம் மீட்டருக்குள் இருக்குமாம். எங்கள் நிலையமே மூவாயிரத்தில் இருக்கிறது. அப்படிப் பார்த்தால் தாழ்ந்த மேகத்தைப் பார்க்க நான் ஆயிரம் மீட்டர் பள்ளம் தோண்ட வேண்டும்.

"ஒரு சட்டி உப்புத்தண்ணி வச்சுக்கோ. அதுலேருந்து அளந்தா ஆச்சு" என்றார் என் கணவர் மெதர். கணவாய்ச் சாலையில் பனி தள்ளும் வண்டி ஓட்டுகிறவர். ஜூன் மாதத்தில் வேலை குறைவு, வாய் அதிகம்.

"நீங்க அந்தச் சட்டியிலயே விழுந்து நீந்துங்க" என்றேன்.

தேர்வு வெள்ளிக்கிழமை. காலை ஒன்பதிலிருந்து மாலை ஐந்துக்குள் எப்போது வேண்டுமானாலும் தொடங்கலாம். தொடங்கிவிட்டால் கைப்பேசிக் கேமரா கண்காணிக்கும், நிறுத்தக் கூடாது; பாதியில் இணைப்பு அறுந்தால் அதுவும் ஒரு முறை எழுதியதாகவே கணக்கு. இரண்டு மணி வரை எல்லாப் பாடத்தையும் திருப்பிவிட்டு உட்காரலாம் என்று திட்டம்.

ஒன்பது மணிக் குறிப்புக்காக வெளியே போனேன். மேற்கு முகட்டின் மேல் மேகம் அதற்குள் பொங்கிய பால் மாதிரி எழும்பி நின்றது. அந்த நேரத்துக்கு அது அங்கே இருக்கவே கூடாது.

"பதினொன்றரைக்குள்ள இடி இறங்கிடும். கரண்ட் போகும், டவரும் படுத்துடும். நான் இப்பவே எழுதறேன்."

மெதர் கைப்பேசியை நீட்டினார். "நாள் பூரா வெயில்னு போட்டிருக்கான் பாரு."

"அவன் கரா-பெல்லுக்கு வந்து பார்த்தானா? அடி அறுநூறு மீட்டர்தான் இருக்கு, எப்படிக் கொழுத்திருக்குன்னு பாருங்க."

"அறுநூறா? நாம நிக்கிறதே மூவாயிரத்துல. கடல்லேருந்து எண்ணணும்னு வாரம் பூரா என் காதைத் தின்னியே?"

கையிலிருந்த குறிப்பேட்டைப் பார்த்தேன். அறுநூறு என்று எழுதியிருந்தேன். ஆறு வருடமாக எல்லா மேகத்தையும் என் காலடியிலிருந்துதான் அளந்து எழுதியிருக்கிறேன். நரினில் ஒருவரும் ஒருமுறைகூடத் திருத்தியதில்லை. உள்ளே ஓடிப் புத்தகத்தைப் புரட்டினேன். மேகப் பாடத்தின் அடியில் பொடி எழுத்தில் இருந்தது: உயரங்கள் தரையிலிருந்து.

அழுத்தத்துக்குக் கடலாம், மேகத்துக்குக் காலடியாம். புத்தகம் எழுதியவனை வாய்விட்டுத் திட்டினேன். மனம் லேசானது.

"கதவுக்கு வெளியே உட்காருங்க. விருந்தாளி வந்தா டீ ஊத்திக் குடுங்க. ஒருத்தர் தலையும் கேமராவுல தெரியக் கூடாது."

"நான் டீ ஊத்தறதா? ஊரே சிரிக்கும்."

"சிரிக்கட்டும். சத்தம் வராம சிரிக்கச் சொல்லுங்க."

நரினுக்குக் குறிப்பைச் சொல்லி, மேகப் பாடத்தை மட்டும் ஒருமுறை திருப்பிவிட்டுப் பத்தேகாலுக்குத் தொடங்கினேன். திருப்பிப் பார்க்காத பாடங்கள் காலை வாரின. பருவமழை நாடுகளின் மாதங்கள் குழம்பின. முப்பத்தொன்றாம் கேள்வியில் முதல் இடி. முப்பத்தேழில் தகரக் கூரைமேல் ஆலங்கட்டி கொட்டியது. விளக்கு ஒருமுறை இமைத்தது. அப்போதும் கேள்வியை இரண்டு முறை படித்தேதான் விடை போட்டேன். பதினொன்று இருபதுக்கு அனுப்பினேன். 'பெறப்பட்டது' என்ற சொல் வந்த ஆறாவது நிமிடம் மின்சாரம் போனது.

மறுநாள் காலைதான் மின்சாரமும் தேர்வு முடிவும் வந்தன. மெதர்தான் முதலில் திரையை எட்டிப் பார்த்தார்.

"இருபத்தொன்பது! பூருல், ஒண்ணுதான் கூட!"

மேகங்கள், ஆறுக்கு ஆறு. அதைப் பார்த்ததும் எனக்கு அழுகை வந்தது. ஆனால் மணி ஒன்பது. வெளியே போய்க் குறித்துக்கொண்டு வந்து நரினை அழைத்தேன்.

"நல்லவேளை கூப்பிட்டீங்க. இலையுதிர் காலத்துல வர்ற ஆளுக்கு அங்க அறை இருக்கான்னு கேக்கறாங்க" என்றான் பணியிலிருந்த பையன்.

"அறை இருக்கு. அதுல நான் இருக்கேன். எழுதிக்கோ, வெப்பம் நாலு டிகிரி."