நான்கு பேர் படுக்கக்கூடிய வெள்ளை வான்

1

இந்தக் கதை ஒரு விளம்பரத்திலிருந்து வந்தது. மறைக்க ஒன்றுமில்லை. பழைய வாகனங்கள் விற்கும் இணையத்தளம் ஒன்றில் பத்தொன்பது படங்களோடு கிடந்தது: ‘1994. ஜப்பான் இறக்குமதி. டீசல். வலப்பக்க ஸ்டியரிங். நான்கு பேர் படுக்கலாம். வெள்ளை.’ கடைசிச் சொல்லில் என் கண் நின்றது. இதை எங்கள் ஆள் ஒருவன் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனால் அவன் மனைவி ஏறுவாளா?

அவ்வளவுதான் கதை. ஏறுவாளா, மாட்டாளா. ஏன் ஏறமாட்டாள் என்பதைச் சற்றுத் தள்ளி வைத்திருக்கிறேன். சிலருக்கு இப்போதே தெரிந்திருக்கும்; அவர்கள் மற்றவர்களுக்காகக் கொஞ்சம் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

முதலில் இப்படித் தொடங்கினேன்: ‘ஏப்ரலின் கடைசிப் பனி வெக்ஸ்போர்ட் கூரைகளில் உருகிக்கொண்டிருந்த ஒரு—’

விட்டுவிட்டேன். ரொறன்ரோவில் எழுதுகிற எல்லோருமே பனியை உருக்கித்தான் கதையை நகர்த்துகிறோம்.

2

ரொறன்ரோவின் கிழக்குப் பக்கத்து வெக்ஸ்போர்ட்டை மட்டும் வைத்துக்கொண்டேன். அங்கே பிரியந்தன் இருக்கிறான். ஐம்பது வயது. யாழ்ப்பாணத்திலிருந்து எண்பத்தேழில், பன்னிரண்டு வயதில் வந்தவன். மனைவி சாம்பவி இரண்டாயிரத்துப் பத்தில் கொழும்பிலிருந்து வந்தாள். பதினைந்து வருடத்தில் இருவரும் சேர்ந்து போன பயணங்கள்: மூன்று கலியாணங்கள், ஒரு செத்தவீடு. (நயாகராவுக்குப் பதினொரு தடவை. அது விருந்தாளிகளின் பயணம்.) இந்த ஓகஸ்டில் அவளுக்கு மூன்று கிழமை லீவு கிடைத்திருக்கிறது. கிழக்கே கடல் வரைக்கும் போவதாகத் திட்டம்.

“நீங்கள் வானை எடுங்கோ, நான் வாறன்” என்று அவள் சொல்லியிருந்தாள்.

பதினான்கு மாதம் தேடினான். எல்லோருக்கும் தெரிந்த அந்த உருண்டை மூக்கு ஜேர்மன் வான் வேண்டாம். அதன் விலைக்கு ஸ்ரௌவ்வில்லில் வீட்டுக்கு முற்பணம் கட்டலாம். போதாததற்கு, அதை வைத்திருப்பவர்கள் வீதியில் ஒருவரையொருவர் கண்டால் கையசைக்க வேண்டுமாம். அந்நியரைப் பார்த்துச் சிரிக்கிற பழக்கம் அவனுக்கில்லை. அமெரிக்க வான் பெற்றோல் குடித்தது. பிரித்தானிய வான் ஒன்று அழகாகத்தான் இருந்தது, ஆனால் அடித்தட்டைத் துரு தின்றிருந்தது. கடைசியில் மிஞ்சியது ஜப்பான் வான். பதினைந்து வயது தாண்டிய வாகனத்தைக் கனடா அதிகம் கேள்வி கேட்காமல் உள்ளே விட்டுவிடும். (மனிதர்களை அப்படி விடுவதில்லை. இந்த வரியை இரண்டு முறை வெட்டினேன், திரும்ப வந்து நிற்கிறது.)

3

விற்றவன் டெனிஸ்டன். பிறம்ரனில் லொறி திருத்துகிறவன். ஓய்வு நேரத்தில் ஜப்பானிலிருந்து பழைய வான்களை இறக்குகிறான்.

“உந்த எஞ்சினுக்குச் சாவில்லை அண்ணை. அடுப்பு இருக்கு, சிங்க் இருக்கு, ஜன்னலுக்கெல்லாம் கேட்டின். உங்களுக்கெண்டபடியா ரெண்டாயிரம் குறைக்கிறன்.”

“நான் இன்னும் கேக்கவே இல்லையே தம்பி. ஏன் குறைக்கிறீர்?”

“எங்கட ஆக்கள் ஒருத்தரும் உதை எடுக்கேல்லை. வந்து பாப்பினம், போவினம். வெள்ளைக்காரர்தான் வாங்கிறவை.”

“ஏனாம்?”

டெனிஸ்டன் எண்ணெய்த் துணியில் கையைத் துடைத்தான். “வெள்ளை கெதியா ஊத்தையாகும்.”

நியாயமான காரணமாகவே பிரியந்தனுக்குப் பட்டது. வீடு திரும்பும் வழியில், வாகனத்தில் இருந்தபடியே வாங்குகிற கோப்பிக்கடை ஜன்னலுக்குப் பக்கத்தில் நிறுத்தினான். ஸ்டியரிங் மறுபக்கம் என்பதால், பக்கத்து இருக்கைக்குத் தாவி நீட்டி விழுந்துதான் காசு கொடுத்தான். அதுகூடச் சந்தோசமாக இருந்தது.

4

சனிக்கிழமை பகல் பதினொரு மணிக்கு வான் வீட்டு வாசலில் நின்றது. ஹோர்ன் அடித்தான். சாம்பவி வெளியே வந்து படியில் நின்றாள். உள்ளே காட்டுவதற்காக அவன் பக்கத்து இழுவைக் கதவைப் பிடித்து இழுத்தான்; அது கடகடவென்று ஓடித் திறந்தது.

அவள் படியிலேயே குந்திவிட்டாள்.

“என்னப்பா, தலை சுத்துதோ?”

“கதவைச் சாத்துங்கோ. சத்தம் போடாமச் சாத்துங்கோ.”

சத்தமில்லாமல் சாத்தக்கூடிய கதவல்ல அது. அவன் கையை எடுத்துக்கொண்டான்.

சாம்பவியின் அண்ணனை 2008இல், கொழும்பு வெள்ளவத்தையில், வீட்டு வாசலில் வைத்து வெள்ளை வான் ஒன்றில் ஏற்றிக்கொண்டு போனார்கள். அவள் கேற்றடியில் நின்றாள். அவர் இன்னும் வரவில்லை. அந்த வருடங்களில் அப்படிப் போய்த் திரும்பாதவர்கள் பலர். பிரியந்தனுக்கு இது தெரியும். கலியாணத்துக்கு முன்பே தெரியும். வருடத்துக்கொரு தடவை, காணாமற்போனவர்களின் நாளில், அவளோடு வீதியோரத்தில் அண்ணனின் படத்தை ஏந்திக்கொண்டு நிற்கிறவன்.

(அப்படிப்பட்டவன் இதை வாங்குவானா? எனக்கும் அதே சந்தேகம். முதல் வரைவில் அண்ணன் என்று ஒருவர் இல்லை, அவளுக்கு வெறும் பயம் மட்டும். அது பொய்யாக இருந்தது. இரண்டாவதில் பிரியந்தனுக்கு எதுவும் தெரியாது. அவனை அவ்வளவு மோசமான புருசனாக்க மனம் வரவில்லை. மூன்றாவதுதான் நம்பும்படி வந்தது: எண்பத்தேழிலேயே வந்துவிட்டவனுக்கு வெள்ளை வான் என்பது பத்திரிகையில் வருகிற ஒரு சொல். அதற்கு நான்கு சில்லும் ஒரு விலையும் இருக்குமென்று அவன் யோசித்ததில்லை.)

“பெயின்ற் அடிப்பம்,” என்றான். “நீலமோ பச்சையோ, நீர் சொல்லுற நிறம்.”

“கதவுச் சத்தத்துக்கு என்ன நிறம் அடிப்பியள்?”

5

எழுதுகிறவருக்குப் பெயின்ற் இலவசம். ஒரு சொல்லை மாற்றினால் வான் முதற் பகுதியிலிருந்தே நீலம். மாற்றியும் பார்த்தேன். டெனிஸ்டன் ஒரு சதமும் குறைக்கவில்லை. புருசனும் மனைவியும் கடலுக்குப் போய்த் தேத்தண்ணி குடித்தார்கள். குறைசொல்ல முடியாத கதை. ஆனால் அதிலே தேத்தண்ணி குடித்த பெண் சாம்பவி இல்லை.

வேறு முடிவுகளும் எழுதிப்பார்த்தேன். வானை ஒரு வெள்ளைக்காரச் சோடி வாங்கி, நாய்க்குட்டியோடு படம் பிடித்துப் போடுகிறது. அல்லது சாம்பவி திறப்பைப் பறித்துத் தானே ஓட்டிக்கொண்டு போகிறாள். இதற்குக் கைதட்டல் நிச்சயம், அதனாலேயே நான் நம்பவில்லை. அல்லது பிரியந்தன் அவளிடம் மன்னிப்புக் கேட்டு—

கேட்டால் அவள் மன்னிக்க வேண்டிவரும். மன்னித்தால் ஏறவேண்டிவரும்.

ஆகவே வானை வெள்ளையாகவே விட்டிருக்கிறேன். அவன் போய் அவளுக்குப் பக்கத்தில், படியில் இருக்கிறான்.

“ஓகஸ்டுக்கு இன்னும் மூண்டு மாசம் கிடக்கு,” என்கிறான்.

“ஓம்.”

“டெனிஸ்டன் திருப்பி எடுப்பான்.”

“எடுப்பார். கொண்டுபோறதுக்குக் கதவைச் சாத்தவேணுமே.”

தூறல் தொடங்கிவிட்டது. வானின் கதவு இன்னும் திறந்தே கிடக்கிறது, உள்ளே மெத்தை நனைகிறது. மூடத்தான் வேண்டும் என்று உங்களுக்குத் தோன்றினால் நீங்கள் போய் மூடலாம், நான் தடுக்கமாட்டேன். ஆனால் அவள் படியை விட்டு எழும்பும் வரைக்கும் பொறுங்கள்.