பென்சிலில் எழுதிய எண்

விண்ணப்பத்தில் ஒரு கட்டம்தான் காலியாக இருந்தது. உயிரியலா, வணிகவியலா? மாலை நாலு மணிக்குள் கல்லூரியில் கொடுத்தாக வேண்டும்.

உயிரியல் அவளுக்குப் பிடிக்காமல் இல்லை. வெங்காயத் தோலை முதன்முதலாக மைக்ராஸ்கோப்பில் பார்த்த அன்று சாப்பிடவே மறந்துபோனவள் அவள். ஆனால் "பயாலஜியே எடு" என்று சித்தி ஏழு மாதமாகக் கிளிப்பிள்ளை போலச் சொன்னதுதான் இடித்தது. அம்மா இறந்துபோன மறுவாரமே ஆரம்பித்த பல்லவி அது.

அம்மாவின் தங்கையான சித்திக்கு மருத்துவப் பரிசோதனைக்கூடத்தில் வேலை. அம்மாவின் கழுத்துக் கட்டியில் ஊசி குத்தி எடுத்ததை ஸ்லைடில் பரப்பிச் சாயம் ஏற்றியவளும் அவளே. பயப்பட ஒன்றுமில்லை என்று ரிப்போர்ட் வந்தது. நாலு மாதம் கழித்து வேறு இடத்தில் பார்த்தபோது புற்றுநோய் முற்றி, காரியம் கைமீறியிருந்தது.

ஸ்லைடு மாறிப்போயிருக்குமோ? அந்த நினைப்பு செருப்புக்குள் புகுந்த கல்லாக உறுத்தியது. அப்பாவிடம் கேட்டாள்.

"உனக்குப் போலீஸ் வேலைதான் லாயக்கு. பால்ல தண்ணியான்னு கேட்டே பால்காரரை அழ வச்சவளாச்சே!" என்று சிரித்து நழுவினார். அந்தச் சிரிப்பின் மீதும் அவளுக்குச் சந்தேகம் வந்தது.

விண்ணப்பத்தோடு பரிசோதனைக்கூடத்துக்குப் போனாள். ஸ்பிரிட் நெடி மூக்கில் ஏறியது. சித்தியின் விரல்நுனியெல்லாம் ஊதாக் கறை.

"கார்டியன் கையெழுத்து நீங்களே போடுங்க சித்தி."

"அடி என் ராசாத்தி, ஒருவழியா நல்ல புத்தி வந்துதா?" சித்தி பேனாவைத் திறந்தாள்.

"இருங்க. அம்மாவோட ஸ்லைடு இருக்கா?"

பேனா அந்தரத்தில் நின்றது. "அது எதுக்கு இப்ப?"

"பாக்கணும்."

இழுப்பறையில் நூற்றுக்கணக்கான ஸ்லைடுகள். சித்தி தேடவே இல்லை. கை நேராக ஒன்றின்மேல் போய் நின்றது. அதையும் அவள் மனதில் குறித்துக்கொண்டாள்.

ஓரத்தில் பென்சிலால் எண் எழுதியிருந்தது. பேனா மை ஸ்பிரிட்டில் கரைந்துவிடும் என்பதால் அங்கே எல்லாமே பென்சில்தான். அவள் கையோடு கொண்டுவந்த ரிப்போர்ட்டில் இருந்த அதே எண். மாறவில்லை. அவளுக்குச் சற்று ஏமாற்றமாகக்கூட இருந்தது.

மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தாள். பிறகு வேறொருவரின் ஸ்லைடை வைத்தாள். அதில் ஊதாப் புள்ளிகள் கொத்துக்கொத்தாக இருந்தன.

"அம்மாவோடதுல வெறும் ரத்தம்தானே இருக்கு? கட்டியோட செல் எங்க?"

சித்தி ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள்.

"ஊசி சரியாப் படல. செல் பத்தல, மறுபடி எடுக்கணும்னு நான்தான் டாக்டர்கிட்ட சொல்லணும். சொல்லல. அக்கா வெளிய என் கையப் பிடிச்சுக்கிட்டு, இன்னொரு தடவ குத்தினா செத்தே போயிடுவேன்டின்னு அழுதா. டாக்டரும் அவசரத்துல கெட்டது எதுவும் இல்லன்னு எழுதிட்டார். ரிப்போர்ட்டப் பாத்து அக்கா சிரிச்சா. நான் வாய மூடிக்கிட்டேன்."

"அப்பாவுக்குத் தெரியுமா?"

"யாருக்கும் தெரியாது."

"அந்தப் பாவத்தக் கழுவத்தான் என்னப் படிக்கச் சொன்னீங்களா?"

"இருக்கலாம். அக்கா அழுததும் நான் மசிஞ்சுட்டேன். உங்கிட்ட அழுது யாரும் எதையும் சாதிக்க முடியாதுல்ல? அதான்."

அவள் விண்ணப்பத்தைத் தன் பக்கம் இழுத்து, காலிக் கட்டத்தில் உயிரியல் என்று எழுதினாள்.

"கையெழுத்து?"

"அப்பா போடட்டும்."

மணி இரண்டரை. அம்மாவின் ஸ்லைடை மறுபடி வைத்தாள். மேல் ஓரத்தில் தொடங்கி, இடமிருந்து வலமாக, ஒவ்வொரு வரிசையாக நகர்த்தினாள். ஒரே ஒரு செல்லாவது இருக்காதா?

"எம்மேல கோவமாடி?" என்றாள் சித்தி.

"பேசாதீங்க சித்தி. வரிசை தப்பிடும்."