கிருஷ்ணாயில் ஊர்வலம்

வசந்தா அன்றைக்குக் கணவனின் டிபன் பாக்ஸில் தோசைக்குப் பதிலாகத் தோசை மாவை ஊற்றி அனுப்பிவிட்டாள். சேதராப்பட்டுக் கம்பெனியில் மத்தியானம் கண்ணையன் மூடியைத் திறந்ததும், புளித்துப் பொங்கியிருந்த மாவு அவன் சட்டை மேலேயே எகிறியது. கூட வேலை பார்த்தவர்கள் அதோடு அவன் பெயரை ஊத்தாப்பம் என்று மாற்றிவிட்டார்கள்.

மகள் கவிநிலாவைக் கட்டிக்கொடுத்து சென்னைக்கு அனுப்பியதிலிருந்தே வசந்தா இப்படித்தான். ராத்திரி தூக்கம் கிடையாது. எதை எங்கே வைத்தோம் என்று தெரியாது. டிவி சீரியலில் யார் அழுதாலும் இவளும் அழுவாள். நடுவில் விளம்பரம் வந்தாலும் நிறுத்த மாட்டாள். சோப்பு விளம்பரத்தைப் பார்த்துப் பெண்டாட்டி தேம்பித் தேம்பி அழுத அன்றைக்குக் கண்ணையன் பயந்துபோய் அவளை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனான்.

டாக்டரம்மா நிர்மலா எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். ரத்தம் எடுத்துப் பார்த்தார்.

"தினம் காலைல வேகமா நடங்கம்மா. உடம்பு அசைஞ்சா மூளைக்கு ரத்தம் நல்லா ஓடும். தூக்கம் வரும், மறதி குறையும், மனசும் லேசாவும். ஒரு மாசம் நடந்துட்டு வாங்க. அப்பவும் அழுகை நிக்கலன்னா மேற்கொண்டு பாக்கலாம்."

"மாத்திர எதுவும் இல்லீங்களா?" என்றான் கண்ணையன்.

"இப்போதைக்கு வேணாம்."

"ஒரு டானிக்காவது?"

டாக்டரம்மா அடுத்த ஆளைக் கூப்பிட்டார். வந்ததற்கு ஒரு ஊசியாவது போட்டிருக்கலாம் என்று பஸ் ஏறும்வரை கண்ணையன் முணுமுணுத்துக்கொண்டே வந்தான்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் வசந்தா கிளம்பினாள். அவர்கள் குடியிருந்த சாரம் பகுதியில் ஒரு பொம்பளை காரணமில்லாமல் தெருவில் விறுவிறுவென்று நடப்பது லேசான காரியமில்லை. வீட்டுக்கு வீடு "எங்க, காலங்காத்தால?" என்று கேட்டார்கள். "சும்மாதான்" என்றாள். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு எவளாவது சும்மா போவாளா? புருஷனோடு சண்டை, அம்மா வீட்டுக்குக் கிளம்பிவிட்டாள் என்று பேச்சு கிளம்பியது. அது அவள் வீடு திரும்புவதற்குள் அம்மா வீடு இருக்கும் வில்லியனூருக்கே போய்ச் சேர்ந்துவிட்டது. அண்ணன் வெற்றிவேல் டிவிஎஸ் ஐம்பதில் பறந்து வந்தான்.

"எந்தங்கச்சிமேல கை வெச்சியாடா?"

வாசலில் மீன் நறுக்கிக்கொண்டிருந்த கண்ணையன் திடுக்கிட்டு எழுந்தான். கையில் கத்தி இருந்ததால் விஷயம் இன்னும் மோசமானது. தெருவே கூடி இரண்டு பேரையும் பிரித்துவிட வேண்டியதாயிற்று.

இனி வெறுங்கையோடு போவதில்லை என்று முடிவெடுத்தாள் வசந்தா. மறுநாள் காலி கிருஷ்ணாயில் கேன் ஒன்றைத் தூக்கிக்கொண்டாள். கேனைப் பார்த்தவர்கள் ரேஷன் கடைக்குப் போகிறாள் என்று நினைத்துக்கொண்டார்கள், ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. நிம்மதியாக நேரு வீதி வழியாகக் கடற்கரை வரை போய்வந்தாள். கொஞ்ச நாளில் ராத்திரி படுத்தால் கண்ணும் சொருக ஆரம்பித்தது.

அந்த மாதம் ரேஷனில் கிருஷ்ணாயில் வரவேயில்லை. ஊரே அடுப்புக்குத் திண்டாடியது. இவள் மட்டும் தினமும் கேனும் கையுமாகப் போவதை எதிர்வீட்டுச் செல்வாம்பாள் கவனித்துவிட்டாள். கனத்த உடம்பு, அதைவிடக் கனத்த கோபம் செல்வாம்பாளுக்கு. தூக்கமில்லாத எரிச்சலில் காக்காயைக்கூடத் திட்டுவாள்.

"எங்கியோ ஊத்துறாங்கடி! இந்தக் கள்ளி யாருகிட்டயும் சொல்லாம வாங்கியாறா!"

அவள் கேனோடு பின்னால் இறங்க, அவளைப் பார்த்துப் பக்கத்து வீட்டு மணியம்மாள் இறங்க, காமராஜர் சாலை தாண்டுவதற்குள் ஒரு பெரிய கூட்டமே சேர்ந்துவிட்டது.

கலகலவென்று சத்தம் கேட்டு வசந்தா திரும்பிப் பார்த்தாள். தெரு நிறையக் கேன்கள் ஓடி வந்தன.

"வுடாதீங்கடி! அவள புடிங்க!" இது செல்வாம்பாள் குரல்.

என்ன தப்பு செய்தோம் என்று வசந்தாவுக்குப் புரியவில்லை. புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடினாள். அவள் ஓட, தீர்ந்துவிடப் போகிறதென்று அவர்கள் இன்னும் வேகமாக ஓடினார்கள். கடல் குறுக்கே வந்ததால்தான் நின்றாள்.

செல்வாம்பாள் மூச்சிரைக்க வந்து அவள் கையைப் பிடித்தாள். "எங்கடி ஊத்துறாங்க?"

"என்னாது?"

"கிருஷ்ணாயிலு!"

"ஐயோ அக்கா, நான் மூளைக்கு நடக்குறேன்!"

"எதுக்கு?"

"மூளைக்கு. டாக்டரம்மா சொன்னாங்க."

செல்வாம்பாள் கடலைப் பார்த்தாள். கையிலிருந்த கேனைப் பார்த்தாள். அவள் அடிக்கப்போகிறாள் என்று வசந்தா கண்ணை மூடிக்கொண்டாள். ஆனால் செல்வாம்பாள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தாள். மணியம்மாளைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு சிரித்தாள். எல்லோருக்கும் அது தொற்றிக்கொண்டது. சிவப்புத் தொப்பி போலீஸ்காரர் ஒருவர் வேகமாக வந்தார்.

"என்னம்மா, மறியலா?"

"மூளைக்குங்க சார்!" என்று எல்லோரும் ஒரே குரலில் சொல்ல, அவர் பின்வாங்கினார்.

சாயங்காலம் செல்வாம்பாளின் புருஷன் புருஷோத்தமன் பதறிக்கொண்டு வசந்தா வீட்டுக்கு ஓடி வந்தார்.

"என்னம்மா பண்ணீங்க என் பொண்டாட்டிய? மத்தியானம் படுத்தவ, எழுப்பினா எழுந்திருக்க மாட்டேங்குறா!"

வசந்தா அலறியடித்துக்கொண்டு ஓடி அவள் தோளைப் பிடித்து உலுக்கினாள். செல்வாம்பாள் ஒரு கண்ணை மட்டும் திறந்தாள்.

"இன்னொரு தபா எழுப்பினீங்கன்னா பல்லு எகிறிடும்" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்தாள். அப்புறம் அவள் விட்ட குறட்டை தெருக்கோடி வரை கேட்டது.

"தூங்குறாங்கண்ணே, அவ்ளோதான்" என்றாள் வசந்தா.

"தூங்குறாளா? இவளா?" புருஷோத்தமன் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து பெண்டாட்டி தூங்கும் அதிசயத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் வசந்தா கதவைத் திறந்தபோது செல்வாம்பாளும் மணியம்மாளும் தயாராக நின்றார்கள். அவர்களுக்குப் பின்னால் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு, தூக்கக் கலக்கத்தில் புருஷோத்தமன்.

"நான் வரலைன்னு எவ்ளோ சொன்னேன் தெரியுமாம்மா?" என்றார் பரிதாபமாக.

"பேசாம நடய்யா," என்றாள் செல்வாம்பாள்.