மேனேஜரின் கர்சர்

ஆன்லைன் ஒயிட்போர்டை அலுவலகத்துக்குப் பழக்கிவிடும் வேலை என் தலையில் விழுந்ததற்கு ஒரே காரணம், நான் இன்னும் நிரந்தரமாகவில்லை. நிரந்தரமானவர்கள் முடியாது என்று சொல்லலாம். என்னால் முடியாது.

எங்கள் கம்பெனி லிஃப்ட் பராமரிக்கிறது. மெக்கானிக்குகள் நகரம் முழுக்கச் சிதறிக் கிடப்பார்கள். ஸ்டோர் வேறு கட்டடத்தில். புகார் போன் எடுக்கும் அக்காவும் நானும் மேனேஜர் அறையின் கண்ணாடிச் சுவருக்கு வெளியே. ஒரு மருத்துவமனை லிஃப்ட் நின்றுபோய், நோயாளிகளை நாற்காலியோடு படியில் தூக்கி இறக்கினார்கள். அதற்குப் பிறகுதான் தலைமை அலுவலகம் கேட்டது: பழுது பார்க்க ஏன் இவ்வளவு தாமதம்? எல்லோரும் ஒரே போர்டில் கூடி எழுதுங்கள், அதை எங்களுக்கு அனுப்புங்கள்.

"இதை ஒழுங்கா நடத்திக் காட்டும்மா. உன் ஃபைல்ல கையெழுத்துப் போட்டுடலாம்" என்றார் மேனேஜர்.

அந்த ஃபைல் அவர் மேசையில்தான் இருக்கிறது. பச்சை உறை. அடுக்கின் அடியில் நசுங்கிக் கிடப்பதைக் கண்ணாடி வழியாகத் தினமும் பார்க்கிறேன். என் அம்மா ஒரு லாட்ஜில் இரவு ஷிஃப்டில் அறை துடைக்கிறாள். முட்டி வீங்கியிருக்கிறது. எனக்கு நிரந்தர உத்தரவு வந்த மறுநாள் வேலையை விடுவதாகச் சொல்லியிருக்கிறாள். வந்ததா என்று கேட்க மாட்டாள். முட்டியில் தைலம் தேய்த்துக்கொண்டே என் முகத்தைப் பார்ப்பாள். கேட்டாலே தேவலை.

எங்கள் வீட்டில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். அதனால் கம்ப்யூட்டரில் எது வந்தாலும் எனக்குத் தெரியும் என்று வீட்டிலும் நினைக்கிறார்கள், அலுவலகத்திலும். ராத்திரி உட்கார்ந்து படித்துவிட்டு வந்து, எல்லோரையும் ஒரே ஆன்லைன் அழைப்பில் சேர்த்து, போர்டின் லிங்க் அனுப்பினேன். வெள்ளைத் திரையில் ஆளுக்கொரு கர்சர், பக்கத்தில் அவரவர் பதவி. சீட்டு ஒட்டுவது, நகர்த்துவது, பிடித்த சீட்டில் சிவப்புப் புள்ளி வைத்து ஓட்டுப் போடுவது எல்லாம் காட்டினேன்.

"எழுதுங்க" என்றேன்.

ஒருவரும் எழுதவில்லை. மேனேஜரின் கர்சர் இடப்பக்கம் போனால் எல்லாக் கர்சரும் இடப்பக்கம் போயின. அவர் மூலையில் நின்றால் அங்கே போய் மொய்த்தன. கடைசியில் அவர் ஒரு மஞ்சள் சீட்டு ஒட்டினார்: 'மெக்கானிக்குகளின் கவனக்குறைவு.' அடுத்த நொடி ஸ்டோர்காரர் 'கவனக்குறைவு' என்று ஒட்டினார். எல்லோரும் ஸ்பேனர் அண்ணன் என்று கூப்பிடும் மூத்த மெக்கானிக், 'எங்கள் கவனக்குறைவு' என்றே ஒட்டிவிட்டார்.

"நல்லா போகுது" என்றார் மேனேஜர். "ஆனா ஒட்டறதுக்கு முன்னாடி எனக்கு மெயில்ல அனுப்பிடுங்க. நான் சரின்னு சொன்னதும் ஒட்டலாம்."

அக்கா மைக்கை அணைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார். "இதுக்கு ஒரு பசை பாட்டில் வாங்கியிருந்தா போதும்டி."

மறுநாள் வேறு வழியில் ஆரம்பித்தேன். "இன்னிக்கு எழுதும்போது யார் சீட்டும் யாருக்கும் தெரியாது. நேரம் முடிஞ்சதும் மொத்தமா திறக்கும். யார் எழுதினதுன்னு வராது."

"எனக்குமா?" என்றார் மேனேஜர்.

"உங்களுக்கும்தான் சார்."

ஸ்பேனர் அண்ணன் தனியாகப் போன் போட்டார். "சத்தியமா தெரியாதா தங்கச்சி? பிள்ளைகுட்டிக்காரன் நான்."

"தெரியாதுண்ணே. எழுதுங்க."

திறந்தபோது திரை நிறையச் சீட்டு. 'சாமான் ஸ்டோரில் இருக்கு, கையெழுத்து இல்லை.' 'ரோப் மாற்ற அனுமதி கேட்டோம், மேனேஜர் மேசையில் இருக்கு.' 'மருத்துவமனை மோட்டார், அதே மேசை.' நடுவில் பரிதாபமாக ஒரே ஒரு 'கவனக்குறைவு.' யாருடையது என்று கேட்க வேண்டியதில்லை.

அப்போது மேனேஜரின் கர்சர் நகர்ந்தது. ஒரு சீட்டைத் தொட்டது, சீட்டைக் காணவில்லை. அடுத்ததைத் தொட்டது, அதுவும் இல்லை. தன் அறையில் தாளைக் கசக்கிக் குப்பையில் போடுவதுபோல, தன் திரையில் மட்டும் அழிப்பதாக நினைத்துக்கொண்டிருக்கிறார் என்று எனக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. பதவியைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு அந்தக் கர்சர் எல்லோர் கண்ணெதிரேயும் திருடிக்கொண்டிருந்தது. அக்கா வாயைப் பொத்திக்கொண்டார்.

போர்டை உருவாக்கியவள் நான். அழித்ததை மீட்கும் உரிமை எனக்கு உண்டு. மீட்டேன். அவர் மறுபடி அழித்தார். மறுபடி மீட்டேன்.

"என்ன போர்டும்மா இது, அழிக்க அழிக்க முளைக்குது?"

"போர்டு சரியாத்தான் இருக்கு சார். நான்தான் கொண்டு வர்றேன். நீங்க அழிக்கிறது எல்லாருக்கும் தெரியுது."

இதைத் துணிச்சல் என்று யாரும் சொல்ல வேண்டாம். துடைத்து முடித்த தரையில் ஒருவன் செருப்புக் காலோடு நடந்தால் என் அம்மாவுக்கு வருமே, அந்த எரிச்சல். அவ்வளவுதான்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவர் மவுஸிலிருந்து கையை எடுத்தார். இதே போர்டுதான் சாயங்காலம் தலைமை அலுவலகத்துக்குப் போகும் என்பது அவருக்கு அப்போதுதான் உறைத்திருக்க வேண்டும். நான் சீட்டுகளை யாரும் அசைக்க முடியாதபடி பூட்டினேன்.

"இதுல நீ எழுதினது எது?" என்றார்.

நான் எதுவும் எழுதியிருக்கவில்லை. இப்போது எழுதினேன், எல்லோரும் பார்க்க, என் கர்சரோடு: 'எனது நிரந்தர உத்தரவு. அதே மேசை. பச்சை உறை.'

பிற்பகல் அவரே ஒரு கட்டு ஃபைலைத் தூக்கிக்கொண்டு வந்து அக்கா மேசையில் போட்டுவிட்டுப் போனார். ரோப், மோட்டார், கதவு, எல்லாவற்றிலும் கையெழுத்து. பச்சை உறை அதில் இல்லை.

"சண்டாளன்" என்றார் அக்கா, ஃபைல்களைப் புரட்டியபடியே.

போர்டை அனுப்பும் முன் கடைசியாகத் திறந்து பார்த்தேன். என் சீட்டில் ஒரு சிவப்புப் புள்ளி. பார்த்துக்கொண்டிருக்கும்போதே இன்னொன்று. போன் அடித்தது.

"தங்கச்சி, இந்தப் புள்ளியை ஒரு ஆள் எத்தனை வைக்கலாம்?"

"ஒண்ணுதாண்ணே."

"அப்ப மத்த மெக்கானிக்குங்களுக்கும் லிங்க் அனுப்பறேன். கொஞ்சம் பொறுத்து அனுப்பு."

பொறுத்தேன். புள்ளிகள் சீட்டை மறைத்த பிறகு அனுப்பினேன்.

வீட்டில் அம்மா தைலத்தோடு உட்கார்ந்திருந்தாள். முகத்தைப் பார்த்தாள்.

"இன்னும் இல்லம்மா. ஆனா இப்ப மேசையில அது ஒண்ணுதான் இருக்கு. அடியில மாட்டிக்கிச்சுன்னு அந்த ஆளு இனிமே சொல்ல முடியாது."

அம்மா தைலத்தை மூடினாள். சுவரைப் பிடித்து எழுந்து, ஷிஃப்டுக்குக் கிளம்பினாள்.